கோப்பின் முதல் பக்கத்தை எழுதியவர்

சிலர் ஓய்வு நேரத்தில் சமையல் வீடியோ பார்ப்பார்கள். நான் கணக்காளர்கள் எழுதும் வலைப்பதிவுகளைப் படிப்பேன். விழுப்புரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில், இரண்டு அறைகளில், ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறேன். என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். காலையில் கதவைத் திறந்ததிலிருந்து முதல் ஆள் படியேறி வரும் வரை அரை மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் வரிச் சட்டத்தைப் பற்றி எதையும் தொட மாட்டேன். அலுவலகத்தை எப்படி நடத்துவது, வேலையை யாருக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது, எந்த மென்பொருள் எதற்கு உதவும் என்று யாராவது எழுதியிருந்தால் அதைத் தேடிப் படிப்பேன். ஆடிட்டர் பரீட்சைக்கு நான் படித்த புத்தகங்கள் எதிலும் இதெல்லாம் இல்லை. அலுவலகம் தொடங்கிய பிறகுதான், கணக்கு பார்ப்பது பாதி வேலைகூட இல்லை என்று தெரிந்தது.

இந்தப் பதிவுகளில் முக்கால்வாசி வெளிநாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே வாடிக்கையாளர்கள் ரசீதை வாங்கியதும் படம் பிடித்து ஒரு செயலியில் ஏற்றிவிடுகிறார்களாம். எங்கள் ஆட்கள் வருஷம் முழுக்கச் சேர்ந்ததை உரச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒருமுறை ஒரு சாக்கைக் கொட்டியபோது பில்களுக்கு நடுவிலிருந்து கதிர் அரிவாள் ஒன்று விழுந்தது. ஆனாலும் அந்தப் பதிவுகளை ஆர்வமாகத்தான் படித்தேன். வேறு ஏதோ கிரகத்தில் நம் தொழிலை எப்படிச் செய்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

அப்படித் தேடும்போதுதான் தமிழில் ஒரு வலைப்பதிவு கிடைத்தது. எழுதுபவரின் பெயர் இல்லை, படம் இல்லை, ஊர் இல்லை. ஒவ்வொரு பதிவும் "எங்கள் அலுவலகத்தில்" என்று தொடங்கும். நான் முதலில் படித்தது ஓ.டி.பி. பற்றியது. நாங்கள் அரசாங்க இணையதளத்தில் ஒருவரின் கணக்கைத் தாக்கல் செய்யும்போது அவருடைய கைப்பேசிக்கு ஓர் எண் வரும். அவர் உடனே அதை எங்களிடம் சொல்ல வேண்டும். சில நிமிடங்கள் கடந்துவிட்டால் அந்த எண் செல்லாது. பக்கத்துக் கிராமமான காணையில் கரும்பு வெட்டும் இயந்திரம் வாடகைக்கு விடுகிற ஒருவர் எங்களிடம் இருக்கிறார். அவர் கைப்பேசியை வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விடுவார். அவர் திரும்பி வந்து எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நான்கு முறை புது எண் வாங்கியிருப்போம்.

அந்தப் பதிவு சொன்னது: "எண்ணைத் துரத்தாதீர்கள். முந்தின நாளே கூப்பிட்டு நேரம் குறியுங்கள். வயலில் வேலை செய்பவர் ஒன்பது மணிக்குச் சாப்பிட உட்காருவார். அப்போது கைப்பேசி அவர் பக்கத்தில் இருக்கும்."

இதை எழுதியவர் யாரோ, வயலில் ஒன்பது மணிக்குச் சாப்பிட உட்காருபவர்களைப் பார்த்தவர் என்று தோன்றியது. மறுநாளே செய்து பார்த்தோம். காணைக்காரர் முதல் மணியிலேயே எடுத்தார். "எழுதிக்குங்க மேடம்," என்று வாயில் சோற்றோடு எண்ணைச் சொன்னார்.

அன்றிலிருந்து அந்தப் பதிவர் சொன்னதையெல்லாம் எங்கள் அலுவலகத்தில் செய்து பார்க்கத் தொடங்கினேன். எங்கள் முதல் ஊழியர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. அவருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "ஆரு எவருன்னே தெரில. அவங்க சொன்னாங்கன்னு நாம ஆடிக்கினு இருக்கறோம்," என்பார். ஆனாலும் செய்வார்.

எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. பில் வந்த அன்றைக்கே வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்று ஒரு பதிவு. சொன்னோம். பில்கள் வந்தன. அவற்றோடு காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி எல்லாம் வந்தன. அக்கா ஒரு முழு நாள் உட்கார்ந்து பூக்களையும் பில்களையும் பிரித்தார். பிறகு பில்லுக்கென்று தனி எண் ஒன்று வாங்கினோம். கன்றுக்குட்டிகள் கொஞ்சம் குறைந்தன.

எனக்கு மிகவும் பிடித்த பதிவு கோப்பின் முதல் பக்கம் பற்றியது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் கோப்பிலும் முதலில் ஒரு தாள் வைக்க வேண்டும். அதன் தலைப்பு, "இதைத் திறப்பவருக்கு". அந்த மனிதர் யார், என்ன தொழில், எந்த நேரத்தில் பேசுவார், வீட்டில் கணக்கு விவரம் தெரிந்தவர் யார், எதைக் கேட்டால் கோபம் வரும், போன வருஷம் எந்த இடத்தில் சிக்கல் வந்தது என்று ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். கடைசி வரி இப்படி முடிய வேண்டும்: "இவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொண்டதைக் கீழே சேருங்கள்." நாங்கள் எல்லாக் கோப்புகளுக்கும் எழுத ஆரம்பித்தோம். சிலரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, பத்து வருஷமாக அவர்களுடைய வரவு செலவு முழுவதும் தெரிந்திருந்தும் ஒரு பக்கத்துக்கு எழுத எங்களிடம் ஒன்றுமில்லை என்று புரிந்தது.

அதற்கடுத்து வந்ததுதான் புதன்கிழமைப் பதிவு.

"எங்கள் அலுவலகத்தில் புதன்கிழமை மதியம் ஒரு மணி வரை கதவு சாத்தியிருக்கும். தொலைபேசி எடுக்க மாட்டோம். அந்த நான்கு மணி நேரத்தில் மற்ற இரண்டு நாட்களின் வேலை முடிந்துவிடும்." எனக்குப் படிக்கும்போதே ஏக்கமாக இருந்தது. கதவில் அறிவிப்பு ஒட்டினோம். எல்லோருக்கும் செய்தி அனுப்பினோம். முதல் புதன்கிழமை மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருஷத்தில் என் அலுவலக மின்விசிறிக்கு ஒரு சத்தம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் அன்றைய வேலை முடிந்தது. அக்காவே, "பரவால்ல மேடம்," என்றார்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, வியாழக்கிழமை காலையில் ஒருவர் வந்தார். திருவாமாத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், என் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர். கையில் வரித்துறை அனுப்பிய ஒரு நோட்டீஸ். சட்டைப் பைக்குள் மடித்து மடித்து வைத்ததில் மூலைகள் கிழியத் தொடங்கியிருந்தன. வாங்கிப் பார்த்தேன். ஒரு விவரம் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். பத்து நிமிட வேலை.

"இதுக்கா இவ்ளோ பயந்தீங்க? நேத்தே வந்திருக்கலாமே," என்றேன்.

"நேத்து வந்தேங்க மேடம். கதவு சாத்தி இருந்துச்சு. உள்ளார ஃபேன் ஓட்ற சத்தம் கேட்டுச்சு. தட்டலாமான்னு பாத்தேன். போர்டு போட்டு இருக்கீங்க, தட்டுனா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு படியிலயே ஒக்காந்துக்கினு இருந்தேன். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போய்ட்டேங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மூணு நாளா சோறு எறங்கல."

அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தோம். அவருக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அந்தச் செய்தியை எதற்கு அனுப்பினோம் என்று அவருக்குப் புரியவில்லை. நோட்டீஸுக்குப் பதில் தயார் செய்து கொடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மதியம் அந்தப் பதிவின் கீழே ஒரு கேள்வி எழுதினேன். "உங்கள் அலுவலகத்தில் புதன்கிழமை யாரும் படியில் உட்கார்ந்திருப்பதில்லையா? அப்படி யாராவது வந்தால் என்ன செய்கிறீர்கள்?" நடந்ததையும் நாலு வரியில் எழுதினேன். வழக்கமாக அந்தப் பதிவர் அன்றைக்கே பதில் எழுதிவிடுவார். இந்த முறை இல்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. புதுப் பதிவும் வரவில்லை. யார் இவர், எங்கே இருக்கிறார் என்ற கேள்வி எனக்கு அதுவரை லேசாகத்தான் இருந்தது. இப்போது அது என்னை விடவில்லை. சென்னையாகத்தான் இருக்கும், கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய அலுவலகம், இருபது பேர் வேலை செய்கிறார்கள் என்று நானாகவே ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன்.

விடை தபாலில் வந்தது. மரக்காணத்தில் ஐஸ் கட்டி தயாரிக்கும் ஒருவர், அவருடைய மகள் விழுப்புரத்தில் குடியேறியதால், கணக்கை எங்களிடம் மாற்ற விரும்பினார். அதுவரை திண்டிவனத்தில் ஓர் ஆடிட்டரிடம் இருந்தார். முறைப்படி அந்த ஆடிட்டருக்குக் கடிதம் எழுதினேன். தனக்கு மறுப்பில்லை என்று அவர் பதில் அனுப்பி, பழைய கோப்பின் நகலையும் சேர்த்து அனுப்பியிருந்தார். கட்டைப் பிரித்தேன். முதல் தாள் கையால் எழுதப்பட்டிருந்தது.

"இதைத் திறப்பவருக்கு. இவர் விடியற்காலையில் ஐஸ் ஏற்றி அனுப்பிவிட்டுத் தூங்கப் போவார். பதினோரு மணிக்கு முன் கூப்பிட வேண்டாம். மின்கட்டண ரசீதுகள் அவர் மனைவியிடம் இருக்கும், வரிசையாக இருக்கும்." கடைசியில், "இவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொண்டதைக் கீழே சேருங்கள்."

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். "அவங்களும் அந்த பிளாக் படிக்கறாங்களோ இன்னாவோ," என்றார். இருக்கலாம். ஆனால் தாளின் தேதியைப் பார்த்தேன். அந்தப் பதிவு வெளியாவதற்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி.

அந்த வாரமே திண்டிவனத்துக்கு ரயில் ஏறினேன். அசல் ஆவணங்கள் சில அவர்களிடம் இருந்தன. அவற்றை நேரில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். முண்டியம்பாக்கத்தில் மருத்துவமனைக்குப் போகிற கூட்டம் இறங்கியதும் ஜன்னல் ஓரம் கிடைத்தது. போய்ச் சேரும் வரை, அந்த ஆடிட்டரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று யோசித்தபடி இருந்தேன். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒருவரை, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வைத்து இத்தனை நாள் கற்பனை செய்திருக்கிறேன் என்று சிரிப்பாகவும் வந்தது.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் குழம்பிப்போனேன். பெஞ்சு முழுக்க ஆட்கள். மேசைகளின் மேலும் அடியிலும் கோப்புகள். மூன்று தொலைபேசிகள் மாறி மாறி அடித்தன. ஆடிட்டர் உள்ளறையிலிருந்து, "அந்த ரைஸ் மில்லு ஃபைல் எங்க? ஜல்தி எடுங்க!" என்று குரல் கொடுத்தார். கோபக்காரர் இல்லை, கத்திப் பேசுபவர். என்னை வரவேற்று, காபி சொல்லி, ஐந்து நிமிடத்தில் நூறு விஷயம் பேசினார். அவருடைய கணினியில் வலைப்பதிவு என்று ஒன்றைத் திறந்திருப்பார் என்றே தோன்றவில்லை. புதன்கிழமை கதவு சாத்துவது பற்றி நான் சுற்றி வளைத்துக் கேட்டபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க கதவுக்குத் தாழ்ப்பாளே கெடையாது மேடம்!"

ஆவணங்களைத் தந்து கையெழுத்து வாங்கியவர், முன் மேசையில் இருந்த ஒரு பெண். நாற்பது வயதுக்குள் இருக்கும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டே, இன்னொருவருக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். கோப்பின் முதல் தாளில் இருந்தது.

தொலைபேசியை அவர் வைத்ததும், "திருவாமாத்தூர்காரர் படியில உட்கார்ந்திருந்தார்னு எழுதினது நான்தான்," என்றேன்.

அவர் முகத்தில் நிறம் மாறியது. உள்ளறையை ஒரு முறை பார்த்தார். "மேடம், மெதுவா. சாருக்குத் தெரியாது. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு விடுவாங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட பேக்கரி இருக்கு, அங்க இருங்க, வர்றேன்."

பேக்கரியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் தேநீரைத் தொடவில்லை.

"நீங்க கேட்டதுக்கு பதில் எழுதலாம்னு தெனம் ஃபோன எடுப்பேன். இன்னான்னு எழுதறது? எங்க ஆபீஸ்ல புதன்கெழமையே இல்ல மேடம். எல்லா நாளும் ஒரே மாதிரிதான், நீங்களே பாத்தீங்களே."

"அப்ப நீங்க எழுதினதெல்லாம்?"

"யோசிச்சது. பதினஞ்சு வருஷமா அந்த மேசையில ஒக்காந்துக்கினு இருக்கேன். ஃபோன் எடுக்கறது, ஃபைல் தேடறது. சாயங்காலம் மரக்காணம் பஸ்ஸுல ஒரு மணி நேரம் போவணும். இது இப்படி இருந்தா எப்படி இருக்கும், அது அப்படி இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சிக்கினே போவேன். ஃபோன்ல எழுத ஆரம்பிச்சேன். மொதல் பக்கம் மட்டுந்தான் நான் நெசமா பண்றது. அது யாருக்கும் தெரியாம ஃபைல்ல வெச்சிடுவேன். மத்ததெல்லாம் என் மனசுல இருக்கற ஆபீஸு."

அவர் கடலோரக் குடும்பத்திலிருந்து வந்தவர். அப்பாவும் அண்ணன்களும் மீன்பிடிக்கப் போகிறவர்கள். "படகை எடுக்கறதுக்கு முன்னாடி, யாரு வலைய பாக்கணும், யாரு என்ஜின பாக்கணும்னு பேசி வெச்சிப்பாங்க. ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் பண்ண மாட்டாங்க, யாரும் பண்ணாமயும் வுட மாட்டாங்க. ஆபீஸ்ல மட்டும் ஏன் அப்படி இல்லன்னுதான் மொதல்ல எழுதினேன்."

ஏமாற்றப்பட்டது போல ஒரு கோபம் எனக்குள் வந்தது உண்மை. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதினார். நான் நம்பிக் கதவைச் சாத்தினேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"மேடம், நீங்க நெசமாவே எல்லாத்தையும் பண்ணீங்களா? அந்த ஓ.டி.பி. நேரம், அது சரியா வந்துச்சா? வாட்ஸ்அப் பில்லு இன்னா ஆச்சு?"

நான் இவ்வளவு நாள் அவரைப் பற்றி எப்படி வியந்துகொண்டிருந்தேனோ, அதே ஆவலோடு அவர் என் அலுவலகத்தைப் பற்றிக் கேட்டார். காணைக்காரர் வாயில் சோற்றோடு எண் சொன்னதைச் சொன்னேன். கன்றுக்குட்டியைச் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு படியில் உட்கார்ந்தவரைப் பற்றிக் கேட்டார். எவ்வளவு நேரம் இருந்தார், வெயில் அடிக்கிற படியா, அங்கே குடிக்கத் தண்ணீர் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். படியில் தண்ணீர் இல்லை என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. என் கோபம் அங்கேயே அடங்கிவிட்டது. அவர் எழுதினார், கதவைச் சாத்தியது என் கை.

"நான் நெனச்ச ஆபீஸ்ல யாருமே பயந்துக்கினு வரல மேடம்," என்றார் அவர். "அத யோசிக்கவே இல்ல."

இரண்டு நாள் கழித்து அவருடைய புதுப் பதிவு வந்தது. அது "எங்கள் அலுவலகத்தில்" என்று தொடங்கவில்லை. தனக்கென்று அலுவலகம் எதுவும் இல்லை, தான் ஓர் ஊழியர், இதுவரை எழுதியதில் ஒன்றைத் தவிர எதையும் செய்து பார்த்ததில்லை என்று நேராக எழுதியிருந்தார். செய்து பார்த்த ஓர் அலுவலகம் இருக்கிறது என்றும், அங்கே எது சரியாக வந்தது, எது ஒருவரைப் படியில் உட்கார வைத்தது என்றும் எழுதியிருந்தார். கீழே சிலர் கடுமையாகத் திட்டினார்கள். சிலர் இனிப் படிக்க மாட்டோம் என்றார்கள். ஆனால் வேறு சிலர் தங்கள் அலுவலகத்தில் நடந்ததை எழுதத் தொடங்கினார்கள். புதுச்சேரிப் பக்கம் ஒருவர், மூடிய கதவுக்கு வெளியே ஓர் ஆளை நிறுத்தி, வந்தவரிடம் "அவசரமா, நோட்டீஸா?" என்று மட்டும் கேட்க வைத்ததாக எழுதினார். எங்களுக்கு அது பிடித்தது. இப்போது புதன்கிழமைகளில் கதவு பாதி திறந்திருக்கும். முறை வைத்து ஒவ்வொருவராக வாசலருகே உட்காருவோம். என் முறையும் உண்டு.

பிறகு நடந்ததைத் திண்டிவனத்துப் பதிவர் கைப்பேசியில் கூப்பிட்டுச் சொன்னார். குரல் படபடத்தது. யாரோ அந்தப் பதிவை அவருடைய ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டார்கள். எழுதியது இவர்தான் என்று எப்படி ஊகித்தாரோ தெரியவில்லை, உள்ளே கூப்பிட்டார்.

"வேல போச்சுன்னுதான் நெனச்சிக்கினு போனேன் மேடம். எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தாரு. பதினெட்டு பதிவு. 'இது நீயா?'ன்னாரு. 'ஆமா சார்'ன்னேன். 'இதுல வர்ற ஆபீஸ் நல்லா இருக்குதே. என்கிட்ட ஏன் சொல்லல?'ன்னாரு. 'நீங்க கேக்கல சார்'ன்னு வாய்ல வந்துடுச்சு."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"அந்த பேப்பருங்கள மறுபடியும் ஒண்ணொண்ணா பொரட்டினாரு. அப்புறம், 'மொதல்ல எத பண்லாம்?'ன்னாரு."

முதலில் மூன்று தொலைபேசிகளை ஒன்றாக்கினார்கள். அடுத்து மேசைக்கு அடியில் இருந்த கோப்புகளை அலமாரிக்கு ஏற்றினார்கள். அவருக்குச் சம்பளமும் பதவியும் உயர்ந்தனவா என்று அக்கா கேட்டார். பதவிக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லையாம். சம்பளம் கொஞ்சம் உயர்ந்ததாம். உள்ளறையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை. ஆடிட்டரின் கத்தலும் குறையவில்லை. "தெனமும் தலவலிதான், பேஜாரு," என்று அவர் சொல்லிச் சிரிக்கிறார்.

மாதத்துக்கு ஒரு முறை நாங்கள் சந்திக்கிறோம். ஒரு மாதம் அவர் வருவார், ஒரு மாதம் நான் போவேன். இப்போது இருவருமாக ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். பில்லைப் படம் எடுத்துக் கொடுத்தால் அதுவே படித்துக் கணக்கில் சேர்த்துவிடும் என்கிறார்கள். அச்சடித்த பில்களை நன்றாகவே படிக்கிறது. போன முறை, கையால் எழுதிய பில் ஒரு கட்டைக் கொடுத்துப் பார்த்தோம். வியாபாரி ஒருவர் வேர்க்கடலைக்கு எழுதியிருந்த "மல்லாட்டை" என்ற எங்கள் பக்கத்துச் சொல்லை அது ஓர் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு மாதமும் அவருக்குச் சம்பளம் போட்டிருந்தது.

"ஒழுங்கா வேலைக்கு வர்றாரு பாருங்க, ஒரு மாசம்கூட லீவு போடல," என்றார் அவர். சிரித்து முடித்ததும் நோட்டை எடுத்து, அதற்கு இந்தப் பக்கத்துச் சொற்களை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று எழுத ஆரம்பித்தார். நான் அடுத்த கட்டைப் பிரித்தேன்.